புழுதிக் கத்தரியும் அன்னஞ்சித் தக்காளியும்

வீட்டுத்தோட்டத்தில் எந்தச் செடியை வைப்பது என்னும் வினாவுக்கான விடை, பெரும்பாலும் நாற்றுப்பண்ணையில் அன்றைக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கொண்டே முடிவாகிவிடுகிறது. பின்னாளில் பூச்சி, நோய், வாடல் என்று வந்து நிற்கும் தொல்லைகளில் ஒரு பெரும்பகுதி, மண்ணுக்கும் காற்றுக்கும் பொருந்தாத அந்தத் தேர்விலிருந்தே பிறக்கிறது.

தேனி மாவட்டத்தின் தேவதானப்பட்டி, பழனி மலைத்தொடரின் தெற்கு அடிவாரத்தில், மஞ்சளாறு அணைக்கு அருகில் அமைந்துள்ள ஊர். மேற்கு மலைகள் மேகத்தைத் தடுத்துக்கொள்ள, மறுபக்கத்துக்கு ஈரமற்ற காற்று மட்டும் வந்து சேரும் மழைமறைவு நிலப்பரப்பில் அது அடங்குவதால், ஆனி, ஆடி மாதங்களில் அங்கே மழையைவிடக் காற்றே மிகுதி. நிலம் நிறைய நனைவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையில்தான். ஆகவே இவ்வூர்த் தோட்டத்துக்கான செடி, வறட்சியைத் தாங்க வேண்டும். காற்றுக்கு முறியாமலும் இருக்க வேண்டும்.

அத்தகைய செடிகளைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1957-இல் பழ ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனம் பக்கத்திலுள்ள பெரியகுளத்தில்தான் இருக்கிறது, ‘பி.கே.எம்.’ என்னும் முன்னொட்டுடன் விற்கப்படும் விதைகளெல்லாம் அந்த ஊர்ப்பெயரின் சுருக்கத்தைத் தாங்கியவை. பி.கே.எம். 1 கத்தரி, ‘புழுதிக் கத்தரி’ என்னும் நாட்டு வகையிலிருந்தும், பி.கே.எம். 1 தக்காளி, தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர் வகையிலிருந்தும், தூண்டப்பட்ட சடுதிமாற்றத்தால், அதாவது விதையின் மரபுக்கூறில் செயற்கையாக மாறுதலை உண்டாக்கி நல்லனவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையால், உருவாக்கப்பட்டவை. பச்சை வரியோடிய சிறு காய்களைத் தரும் அந்தக் கத்தரி வறட்சியை நன்கு தாங்கும். தட்டையுருண்டையான அந்தத் தக்காளியின் காம்புப் பக்கம் பச்சையோடியிருப்பது அதன் இயல்பு. பழுக்கவில்லை என்று ஒதுக்குவது அறியாமை.

1989-இல் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை, போத்து நட்டு வளர்க்கும் மரமுருங்கையைப் போலன்றி விதையிலிருந்தே வளர்ந்து, ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கி, நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு ஒரு மரத்தில் 220 காய்கள் வரை தருவது. நாற்று 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் விரிந்து மரம் தாழ்வாக நிற்பதால், காய் பறிப்பதும் எளிது, ஆடிக்காற்றில் கிளை முறிவதும் குறைவு. காய்ப்பு ஓய்ந்தபின் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டினால் மறுதாம்பாகத் துளிர்த்து மீண்டும் காய்க்கும். வீட்டு முன்புறம் முருங்கை ஆகாது என்னும் வழக்கத்துக்குப் பேயைக் காரணம் காட்டுவாருண்டு. எளிதில் முறியும் கிளையும், மழைக்குப்பின் பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியுமே போதிய காரணங்கள். அவ்வாறு திரண்டிருக்கும் வேளையே அவற்றை நீண்ட துடைப்பத்தால் சோப்புநீர் வாளியில் தள்ளி அழிக்க ஏற்றது. அவற்றின் மயிர் தோலில் பட்டால் தடித்து அரிக்குமாதலால் கையுறை தேவை.

தோட்டத் தொல்லைகளுள் மிகுதியாகத் தவறாகப் படிக்கப்படுவது வாடல். உச்சிவெயிலில் தொங்கிய இலைகள் மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது வெப்பத்தின் விளைவே, நோயன்று. கத்தரியில் ஒரு தண்டின் நுனி மட்டும் தொங்கி, நீர் ஊற்றியும் நிமிராதிருந்தால், உள்ளே தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்னும் புழு இருக்கிறது. தண்டுக்குள் இருப்பதை மேலே தெளிக்கும் மருந்து சென்றடையாதாதலால், வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே நறுக்கியெடுத்து அழிப்பதே வழி. துளைபட்ட காயைக் குப்பைக்குழியில் எறிந்தால் புழு அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். மண் ஈரமாக இருந்தும் செடி முழுவதும் வாடினால் கோளாறு வேரில் இருக்கிறது. பிடுங்கிப் பார்க்கையில் வேர் அழுகியிருந்தால் நீர் மிகுதியாகியிருக்கும்; முடிச்சுமுடிச்சாக வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை; அந்தப் பாத்தியில் அடுத்த பட்டத்துக்கு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் வைக்காமல் செண்டுமல்லியை நடுவது நலம். இம்மூன்று வாடல்களுக்கும் ஒன்றுபோல மேலும் ஒரு குடம் நீர் ஊற்றுவதுதான் பொதுவழக்கம். இடையிலுள்ளதற்கு அதனால் பயனில்லை, கடைசியதற்குக் கேடு.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவதும் பூச்சியால் அன்று. நாலு நாள் காயவிட்டுப் பின் வெள்ளமாய் நீர்விடுவதால் சுண்ணாம்புச்சத்து காய்க்குச் சரிவரச் சென்று சேராத குறை அது. அளவாக, ஒழுங்காக நீர் விடுவதும், வேர்ப்பகுதியைச் சருகால் மூடுவதும் பயன் தருமளவுக்கு, முட்டையோட்டுத் தூள் உடனே பயன் தராது. இலை சுருண்டு செடி குட்டையாகிவிட்டால், அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்தில்லை, பிடுங்கிவிட வேண்டும்.

அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு, லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்த வேப்பம்பருப்பை இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் பெரும்பாலும் போதும்.

பப்பாளியில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சியின் வரலாறு தனி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளுக்குரிய இப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி என்று பரவித் தமிழகத் தோட்டங்களை அலைக்கழித்தது. தெளித்த மருந்துகள் பூச்சியின் மெழுகுப் பூச்சை ஊடுருவாமல் தோற்க, 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் மிகச்சிறு ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு, பெருக்கி விடப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அதை உண்டு வளரும் அந்தக் குளவி, மருந்துகளால் முடியாததைச் செய்து முடித்தது. எனவே பப்பாளிக்கு மருந்தடிக்க எண்ணுவோர் முதலில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: உப்பிப் பழுப்பேறி, உலர்ந்த கூடுகளாய் மாவுப்பூச்சிகள் தென்பட்டால் குளவி ஏற்கெனவே வந்துவிட்டது, தெளிப்பானை உள்ளே வைத்துவிடலாம்.