இருபது டன்னா, முப்பது டன்னா?

மதுரை மேலமாசி வீதியில் சாயங்காலம் நாலு மணி. ஜவுளிக்கடைத் தம்பி டீயை வாங்கி பெஞ்சில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

"அண்ணே, மூணாவது மாடிக்கு ஏசி கொட்டேஷன். ஒருத்தரு 20 டன்ங்கிறாரு, இன்னொருத்தரு 30 டன்ங்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே மாடியத்தான் பாத்துட்டுப் போனாய்ங்க. யாரு சொல்றது சரி?"

மாடி எனக்குத் தெரியும். 3,000 சதுர அடி ஹால். மேற்கே பார்த்த கண்ணாடி முகப்பு. மேலே மொட்டை மாடி. சித்திரைத் திருவிழாவுக்குள் திறக்க வேண்டும் என்ற அவசரம்.

"தம்பி, நீங்க குளிரை விலைக்கு வாங்கல. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி, சுமந்து, வெளியே கொட்டுற ஆளைக் கூலிக்கு வைக்கப் போறீங்க. எவ்வளவு அள்ளணும், எந்த வழியா சுமக்கணும், எங்கே கொட்டணும்னு மூணும் தெரிஞ்ச பிறகுதான் கூலி பேசணும்."

முதலில் டன். ஏசியின் எடைக்கும் இந்த டன்னுக்கும் சம்பந்தம் இல்லை. இயந்திரம் வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்றால் பனிக்கட்டிதான். 1840-களில் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸில், இன்றைய விவேகானந்தர் இல்லத்தில், அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலேற்றிய பனிக்கட்டியை அடுக்கி வைத்திருந்தார்கள். இயந்திரத்தின் திறனையும் அந்தப் பனிக்கட்டியை வைத்தே அளந்தார்கள். அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன் ஏசி. இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். 20 டன் இயந்திரம் ராவும் பகலும் முழு வேகத்தில் ஓடினால் பதினெட்டாயிரம் கிலோ ஐஸ் கட்டியை ஹாலில் உருகவிட்டதற்குச் சமம்.

"அத்தனை சூடு எங்கண்ணே இருக்கு நம்ம கடையில?"

"எண்ணிப் பாப்போம்."

நின்று சேலை பார்க்கும் ஓர் ஆள் சுமார் 130 வாட் சூட்டை வெளியிடுகிறார். பாதிக்குச் சற்றுக் குறைவானது வியர்வையும் மூச்சுமாக வரும் ஈரம். 27 பேர் சேர்ந்தால் ஒரு டன். ஆடித் தள்ளுபடி நாளில் 100 பேர் நிற்பார்கள் என்றால் அவர்களுக்கு மட்டும் நாலு டன்னை ஒட்டி வரும். அவர்கள் மூச்சுவிட வெளிக்காற்று வேண்டும். அனல் காற்றை உள்ளே விட்டுக் குளிர வைக்க இன்னொரு நாலு டன் போகும். விளக்குகள் எல்.இ.டி. என்பதால் ஒன்றரை டன்னுக்குள் அடங்கும்.

மிச்சத்தை நிர்ணயிப்பது கட்டடம். 3,000 சதுர அடி என்றால் 280 சதுர மீட்டர் மொட்டை மாடி. காப்பு எதுவும் போடாத காங்கிரீட் வழியாகச் சதுர மீட்டருக்கு 60 வாட் இறங்குகிறது என்று வைத்தாலே ஐந்து டன் ஆகிவிடும். தளத்தின் மேல் காப்புப் பலகை பதித்து, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடு ஒட்டினால் அது நாலில் ஒரு பங்காகக் குறையும். மேற்குக் கண்ணாடிக்கும் இதே கதைதான். மூன்று மணி வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் உள்ளே திரை போட்டுப் பெரிய பயன் இல்லை, வெளியிலேயே மறைக்க வேண்டும்.

"அப்ப 20 டன்காரரு சரியா?"

"அவரு காப்பு போட்ட மாடிக்குக் கணக்குப் போட்டிருந்தா சரி. நூறு சதுர அடிக்கு ஒரு டன்னு வாய்க்கணக்குப் போட்டா 30 வந்துரும். அது கூட்டத்தையும் பார்க்காது, கூரையையும் பார்க்காது."

கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பும் உண்டு. தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் போதாது. ஐப்பசி மழைநாளில் ஹால் சில்லென்று இருக்கும், ஆனால் புழுங்கும். வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகை இந்தக் குறையைப் பெருமளவு தணிக்கும்.

இனி சுமக்கும் வழி. நாலு சுவருக்குள் ஒரே ஹால் என்றால் டக்டபிள் எளிது. குழல் வழியே காற்று பரவும், வெளிக்காற்றையும் அதிலேயே கலக்கலாம். சின்ன ஷோரூமுக்கு கூரையில் பதிக்கும் கேசட் போதும். ஓட்டல், கிளினிக் போல பல அறைகள் பல நேரத்தில் ஓடும் இடத்துக்கு வி.ஆர்.எஃப். பொருந்தும். ஒரு வெளி யூனிட்டே பல உள் யூனிட்டுகளுக்கு, கேட்கும் அளவுக்கு மட்டும் கேஸ் அனுப்பும். பெரிய ஆஸ்பத்திரி, மால் என்று போனால் தண்ணீரைக் குளிர்வித்துக் குழாயில் ஓட்டும் சில்லர்.

கொட்டும் இடத்தைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஏசிகளின் திறனை 35 டிகிரி வெளிவெப்பத்தில் அளந்து எழுதுகிறார்கள். நம் அக்னி நட்சத்திரம் 40-ஐத் தாண்டும். மாசி வீதிச் சந்துகளில் இரண்டு கட்டடத்து வெளி யூனிட்டுகள் முகத்தோடு முகம் பார்த்து நின்றால், ஒன்று விடும் அனலை மற்றொன்று இழுக்கும். அங்கே திறன் குறையும், மீட்டர் வேகமாக ஓடும்.

டீ மாஸ்டர் அப்போது அடுத்த டீயை ஆத்திக்கொண்டிருந்தார். "அங்க பாருங்க" என்றேன். "பெரிய சில்லரோட சூட்டைக் கொட்டுற கூலிங் டவர் செய்யிறதும் அதுதான். தண்ணியைத் தூவிக் காத்தோட உரசவிட்டா கொஞ்சம் ஆவியாகி, மிச்சத்தைக் குளிர வைக்கும். கரண்டு மிச்சம்."

ஆனால் ஒரு டன்னுக்கு மணிக்கு சுமார் ஏழு லிட்டர் ஆவியாகிப் போகும். 200 டன் சில்லர் பத்து மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 14,000 லிட்டர். வைகை மணலாகக் கிடக்கும் மாதங்களில் அதை லாரியில்தான் வாங்க வேண்டியிருக்கும். உப்பு போர் தண்ணீர் என்றால் வெந்நீர்ப் பானையில் படிவது போல வெள்ளையாகக் குழாயில் படியும். சுத்திகரிப்புச் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான், காற்றில் ஆறும் சில்லரா தண்ணீரில் ஆறும் சில்லரா என்று முடிவெடுக்க வேண்டும். தம்பியின் கடைக்கு அந்தக் கவலை இல்லை.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தேன். இந்தத் தொழிலில் இயந்திரத்தை ஹை சைடு என்பார்கள், செப்புக் குழாய், காப்பு, டக்ட், வடிகால் எல்லாம் லோ சைடு. விலை குறைந்த தாளில் லோ சைடு ஒரே வரியில் இருந்தது. குழாயின் கனம் எவ்வளவு, டக்ட் தகடு எந்த கேஜ், காப்பு எத்தனை மில்லிமீட்டர், நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்ப்பார்களா, வேக்குவம் இழுப்பார்களா என்று எதுவும் இல்லை. பின்னால் வரும் கேஸ் கசிவும், சீலிங்கில் சொட்டும் தண்ணீரும் பெரும்பாலும் இந்த ஒற்றை வரிக்குள் ஒளிந்திருப்பவைதான். மெயின்டனன்ஸ் ஒப்பந்தத்தில் கம்ப்ரசர் உண்டா, உதிரிப் பாகம் மதுரையிலேயே இருக்கிறதா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும், இயந்திரம் வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

"ஓட ஆரம்பிச்சதும் 18-ல வைக்காதீங்க. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை ரூம் ஏசியெல்லாம் 24 டிகிரியிலதான் தொடங்கணும்னு விதியே இருக்கு. ஒரு டிகிரி ஏத்துனா சுமார் 6 சதவீதம் கரண்டு மிச்சம்ங்கிறாங்க."

தம்பி மீதி டீயைக் குடித்துவிட்டு போனை எடுத்தார். 30 டன்காரரைத்தான் கூப்பிடுகிறார் என்று குரலில் தெரிந்தது.

"சார், டன்னு அப்புறம் பேசுவோம். நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடிக்கு வாங்க. செருப்பைக் கீழயே விட்டுட்டு வாங்க."