பொது நூலகமும் நூலுடைமையும்: யாழ்ப்பாண அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

நூல் கருத்துகளின் கொள்கலம் மட்டுமன்று. அது ஒரு பண்டமுமாகும். பண்டமாதலின் அதனைப் பயன்கொள்வோர் யார் என்பதை வாங்கும் வலுவே பெரிதும் தீர்மானிக்கின்றது. ஏட்டுச்சுவடிக் காலத்தில் இவ்வரையறை மேலும் இறுக்கமாயிருந்தது. சுவடி குடும்பச் சொத்தாகவும், கல்வி சாதிவழி உரிமையாகவும் பேணப்பட்டன. அச்சியந்திரம் இவ்வுடைமையைத் தளர்த்திற்று, ஆயின் நீக்கிவிடவில்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தோற்றம் இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது. 1933இல் க. மு. செல்லப்பா தமது இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். மறுவருடம் ஆகஸ்ட் மாதத்தில், ஆஸ்பத்திரி வீதியிலிருந்த வாடகை அறையொன்றில், 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. 1935இல் உள்ளூராட்சி மன்றம் அதனைப் பொறுப்பேற்றது. வீட்டு அலுமாரியிலிருந்து வரிப்பணத்தின் பொறுப்புக்கு நூல் இடம்பெயர இரண்டு வருடங்களே எடுத்தன. சர்வசன வாக்குரிமை 1931இல் நடைமுறைக்கு வந்த சூழலிலே இது நிகழ்ந்தமை தற்செயலன்று என்பதே எமது கருத்து. சொத்தில்லாதவனுக்கும் வாக்குண்டு என்றானபின், அவனுக்கு நூல் வேண்டாம் எனக் கூறுதல் எளிதன்று. 1940களின் இலவசக் கல்வி வாசகர் தொகையைப் பெருக்கிற்று. 1959இல் நூலகம் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது.

எனினும் 'பொது' என்னும் சொல்லை ஐயத்துடன் அணுகுதல் நன்று. கிராமத்து வாசிகசாலைகளிலே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, எழுத்தறியாதோர் சூழ்ந்திருந்து கேட்டனர். ஒரு பிரதி பலருக்குப் பயன்பட்டது. ஆனால் அவ்வாசிகசாலைகள் பலவும் சாதிக் குடியிருப்புகளின் எல்லைக்குள்ளேயே அமைந்தன. நூல் பகிரப்பட்டது, திண்ணை பகிரப்படவில்லை.

1981 மே மாத இறுதியில் வெடித்த வன்முறையில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இவ்வழிவு யாவரையும் ஒரே வகையிற் பாதித்ததெனக் கூறவியலாது. சொந்த நூற்சேகரம் உடையோர் இழந்தது ஒரு நிறுவனத்தை. இரவலையே நம்பிய மாணவன் இழந்தது தன் நூல்கள் அனைத்தையும். கைப்பிரதிகள் மீளவில்லை. அச்சேறியவை வேறிடங்களில் எஞ்சின. மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை' இன்றும் வாசிக்கக் கிடைப்பது அது முன்னரே அச்சிடப்பட்டுப் பரவியிருந்தமையாலேயே. ஓரிடத்தில் திரட்டுதல் பகிர்வின் ஒரு பாதி மட்டுமே. பிரதிகளைப் பெருக்கிப் பரப்புதல் மறுபாதி.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகத் திட்டம் இம்மறுபாதியை மேற்கொண்டது. தனியாரிடம் தங்கியிருந்த நூல்கள், சஞ்சிகைகள், நினைவு மலர்கள் முதலியன மின்படிகளாக்கப்பட்டு எவர்க்கும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. செல்லப்பாவின் இல்லத்திற் தொடங்கிய இயக்கம் மீண்டும் வீட்டு அலுமாரிகளையே நாட வேண்டியதாயிற்று. இங்கும் தடைகள் உள. இணையவசதிக்குப் பணம் வேண்டும். பதிப்புரிமை உடையோரின் இசைவு வேண்டும். அவற்றினும் கடியது சேகரிப்பாளரின் உடைமையுணர்வு: அரிய பிரதி தன்னிடம் மட்டுமே இருத்தலைப் பெருமையாகக் கொள்வோர் நம் கல்வியுலகிலும் இல்லாமலில்லை. சில இதழ்களோடு நின்றுபோன சிற்றேடுகளும் கிராமத்து மன்றங்களின் ஆண்டு மலர்களும் இத்தகையோரின் அலுமாரிகளிலேதான் கறையானுக்கு முன்னர் எடுக்கப்படக் காத்திருக்கின்றன.