ஐந்து டாலர் கோழியின் கணக்கு

அமெரிக்காவில் காஸ்ட்கோ என்ற பெரிய கடை நிறுவனம் சுமார் 3 பவுண்டு எடையுள்ள முழுக்கோழியைச் சுட்டு, 4 டாலர் 99 செண்டுக்கு விற்கிறது. 2009-ல் வைத்த விலை, 2024-லும் அதுவேதான். இடையே தீவனமும் கூலியும் ஏறின. கோழி விலை ஏறவில்லை.

இது எப்படிக் கட்டுபடியாகும்? கோழியில் கட்டுபடியாக வேண்டியதில்லை என்பதே விடை. விலையை உயர்த்தாததால் ஆண்டுக்கு 3 முதல் 4 கோடி டாலர் ஆதாயத்தை விட்டுக்கொடுப்பதாக அதன் நிதித் தலைவர் 2015-லேயே கூறினார். கோழியைக் கடையின் கோடியில் வைத்திருப்பார்கள். அதை எடுக்கப் போகிறவர் நாலு சாமான் சேர்த்து வாங்காமல் திரும்புவது அபூர்வம். மேலும், இக்கடையில் வாங்க ஆண்டுச் சந்தா கட்டவேண்டும். 2024 நிதியாண்டில் சந்தாவாக மட்டும் 480 கோடி டாலருக்கு மேல் வந்தது. அவ்வாண்டின் நிகர லாபம் சுமார் 737 கோடி டாலர்.

கடைக்காரர் விட்டதைப் பிடித்துக்கொள்வார். கோழி வளர்ப்பவர் நிலை என்ன?

விலையைக் கட்டிக் காக்க, 2019-ல் நெப்ராஸ்கா மாநிலத்தின் பிரீமான்ட் நகரில் வாரம் 20 லட்சம் கோழிகளைச் சுத்தம் செய்யும் ஆலையை இந்நிறுவனம் ஏற்படுத்தியது. குஞ்சு பொரிப்பகமும் தீவன ஆலையும் அதனுடையவை. சுற்றுவட்டார மக்காச்சோள விவசாயிகள் ஒப்பந்த முறையில் வளர்த்துக் கொடுக்கிறார்கள். குஞ்சும் தீவனமும் நிறுவனத்தினுடையது. கொட்டகையும் அதற்கு வாங்கிய கடனும் விவசாயியுடையது. அவருக்குச் சந்தா வருமானம் ஏது? வளர்ப்புக் கூலிக்கு மேல் அவருக்கு உள்ள துணை வருமானம் கோழி எருதான். மக்காச்சோள வயலுக்கு அதைப் போட்டால் உரச் செலவு குறையும். 15 ஆண்டு ஒப்பந்தம் என்பது ஓரளவு ஆறுதல்.

பல்லடம், உடுமலை வட்டாரத்தாருக்கு இம்முறை புதிதல்ல. இங்கும் குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, மின்கட்டணம், ஆள்கூலி பண்ணையாருடையது. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே பல ஒப்பந்தங்கள் குறுகிய காலத்துக்கே. பாங்குக் கடனோ பல ஆண்டுகள் ஓடும். கொட்டகை போட நினைப்பவர் கிலோவுக்கு என்ன கூலி என்று கேட்பதற்கு முன், கடன் தீரும்வரை குஞ்சு விடுவார்களா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. தென்னைநார்க் கழிவு கலந்த எரு யாருக்குச் சேரும் என்பதையும் அப்போதே பேசிவிடலாம். தென்னந்தோப்புக்காரர்களிடம் அதற்கு நல்ல கிராக்கி உண்டு.