இரும்பில் எழுதியிருப்பதைப் படிப்பது

இந்தியாவில் ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிகள்தான் இருக்கலாம். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தும் வரை மூன்று வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. திருத்தம் வந்ததும் மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவில் பழைய வேட்டை ரைபிள்களை அலமாரி அலமாரியாகச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அந்த ஆசை வந்தால் அடுத்தவர் வைத்திருப்பதைப் பார்த்து ரசிக்கலாம், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் ரசிக்கப் பழகினேன். சங்கரன்கோவில்காரன், வருவாய்த்துறையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி உரிமக் கோப்புகள் என் மேஜை வழியாகப் போகும். உரிமப் புத்தகத்தில் உள்ள நம்பரும் இரும்பில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. வருவதெல்லாம் அநேகமாக இரட்டைக்குழல் துப்பாக்கியாகத்தான் இருக்கும். எப்போதாவது சிவகிரி, புளியங்குடிப் பக்கமிருந்து துணி உறைக்குள் ஒரு ரைபிள் வரும். அன்றைக்கு மற்றக் கோப்புகள் கொஞ்சம் காத்திருக்கும்.

அந்தப் பக்கத்து மலையடிவார ஜமீன்களுக்கு வேட்டை ரைபிள் வெறும் ஆயுதமாக இருக்கவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்து நெற்கட்டும்செவலில் பாளையக்காரர் பூலித்தேவன் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்ற சீமை இது. பாளையக்காரர் போர்கள் அடங்கியதும், 1801 டிசம்பரில் கம்பெனி அரசு பிரகடனம் போட்டு, தென்சீமை மக்களிடமிருந்த ஆயுதங்களையெல்லாம் பறித்தது. 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. அந்த ஊரில் ஒருவர் தோளில் சீமை ரைபிள் தொங்கினால், சர்க்கார் அவரை நம்புகிறது என்று அர்த்தம். ஜமீன்தார்கள் ரைபிளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

போல்ட் ஆக்‌ஷன் ரைபிளைப் புரிந்துகொள்ள வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் அடிப்பெட்டியிலிருந்து அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். கைப்பிடியைக் கீழே இறக்கினால் பூட்டிக்கொள்ளும்.

இந்த அமைப்பில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது, ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் பால் மௌசர் 1898-இல் முடித்துக் கொடுத்த வடிவத்தை. தாழ்ப்பாள்போல் நகரும் போல்ட்டின் முன்நுனியில் தடித்த இரண்டு காதுகள் இருக்கும். வெடிப்பின் அழுத்தத்தை அவை தாங்கும். அவை முறிந்தாலும் ஆபத்து வராமலிருக்கப் பின்னால் மூன்றாவதாக ஒன்று. பக்கவாட்டில் ஒரு நீண்ட இரும்பு நகம். தோட்டா பெட்டியை விட்டு எழும்போதே அதன் விளிம்பைக் கவ்வும், வெளியே தள்ளும்வரை விடாது. பதற்றத்தில் பாதி தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்தாலும் தோட்டா கூடவே வந்துவிடும். இரண்டு தோட்டா சிக்கி அடைத்துக்கொள்ளாது. புலிக்கு எதிரே நிற்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி 1936-இல் கொண்டுவந்த ‘மாடல் 70’ ரைபிளிலும் இதே மாதிரி நகம் இருந்தது. 1964-இல் செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள். அந்த வருடத்துக்கு முந்தைய ரைபிளுக்குச் சேகரிப்பாளர்கள் இன்றும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

லண்டன் ரிக்பி கம்பெனி மௌசரின் இந்தப் பொறியை வாங்கி, வேட்டைக்கென்று குழலும் வால்நட் கட்டையும் பொருத்தி விற்றது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது அப்படியொரு .275 ரிக்பிதான். யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்று பொறித்த தகடு அதன் கட்டையில் இருக்கிறது. அது பிறகு அவர் புத்தகங்களைப் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகத்திடம் இருந்து, 2015-இல் செய்த கம்பெனிக்கே திரும்பிப் போனது. அந்தத் தகடும், கைமாறிய வரலாறும் இல்லாவிட்டால் அது நல்லதொரு பழைய ரைபிள், அவ்வளவுதான்.

நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது .315 குழல் அளவு ரைபிள். இதற்குப் பின்னால் ஒரு சட்டக்கதை உண்டு. ராணுவத் தோட்டா பொதுஜனங்கள் கையில் சேரக் கூடாது என்பதற்காக .303-க்குத் தடை. இதே பயத்தில் வெள்ளைக்காரன் .450 அளவையும் தடுத்தபோது, லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளைக் கண்டுபிடித்து இந்தியாவுக்கு அனுப்பின. மேற்கு வங்கத்து இச்சாபூர் தொழிற்சாலை செய்யும் .315-ம் இந்த வழியில் வந்ததுதான். பொறி, பட்டாளத்தின் பழைய லீ-என்ஃபீல்ட். தோட்டா மட்டும் வேறு. ரிக்பிக்கு முன்னால் வைத்தால் முரட்டுப் பிள்ளையாகத் தெரியும். ஆனால் பாடுபட்டு உழைக்கும்.

ஒரு பழைய ரைபிள் கைக்கு வந்தால் முதலில் அது காலிதானா என்று பார்க்க வேண்டும். அப்புறம் எழுத்துகள். குழலிலும் போல்ட்டிலும் ஒரே நம்பர் இருந்தால், அநேகமாகப் பிறந்த நாளிலிருந்து இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அடுத்தது, இங்கிலாந்தில் குழலைச் சோதித்துக் குத்திய முத்திரை: மகுடத்தின் கீழ் ‘ஜிபி’ என்று பின்னிய எழுத்து இருந்தால் லண்டன், ‘பிபி’, ‘பிவி’ இருந்தால் பர்மிங்காம். கடைசியாகக் கட்டை. மர ரேகை, கை பட்டுப் பட்டு ஏறிய மினுமினுப்பு.

ஓபர்ன்டார்ஃப் பெயர் பொறித்த ரைபிள் ஒன்று ஒருமுறை வந்தது. நீலம் ஏறிய இரும்பு, நம்பர்கள் ஒன்று, எல்லாம் கச்சிதம். பெயருக்குப் பக்கத்தில் மட்டும் காலணா அகலத்தில் துரு அரித்த வட்டம். “இது என்ன அண்ணாச்சி?” என்று கொண்டுவந்தவரிடம் கேட்டேன். “வருசா வருசம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிறதுதான் சார். சாமிக்கு வச்சதைத் துடைக்கலாமா?” என்றார். ஈரச் சந்தனம் இருந்த இடத்திலேயே இருந்து இரும்பைத் தின்றிருக்கிறது.

அதைவிடக் கெடுதல், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக மெருகேற்றுவது. துருவோடு முத்திரையும் போய்விடும். நம்பர் அழிந்தால் சட்டத்துக்கே பதில் சொல்ல வேண்டிவரும். விளக்கெண்ணெயும் வேண்டாம், பிசுபிசுத்துக் கரிசல் தூசியையெல்லாம் பிடித்துக்கொள்ளும். மெல்லிய மெஷின் ஆயிலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

வேட்டை என்றோ முடிந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிவகிரிக் காடு இன்று நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. அது சரிதான். மிச்சமிருப்பது செய்நேர்த்தியும் அதன் வரலாறும். நூறு வயதானாலும் சுடக்கூடிய ரைபிளுக்கு உரிமம் வேண்டும். வைத்திருப்பவருக்கு எழுபது வயதானாலோ, துப்பாக்கி வாங்கி இருபத்தைந்து வருடம் ஆனாலோ வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. பெரியவர் போன பிறகு அலைவதைவிட, அவர் இருக்கும்போதே செய்வது மேல். அப்படியே யாரிடம் வாங்கியது, எந்த வருடம், யார் யார் கை மாறியது என்று அவர் வாயால் கேட்டு ஒரு தாளில் எழுதி, உரிமப் புத்தகத்தோடு வையுங்கள். நம்பரை எந்தக் கிளார்க்கும் பார்த்துச் சொல்லிவிடுவான். இதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும்.