காசு சின்னது... கெமிஸ்ட்ரி பெருசு!

ஷாம்புன்னாலே பாட்டில், பாட்டில்னாலே பணக்கார வீடுன்னு இருந்த காலம். கடலூர் சின்னிகிருஷ்ணனுக்கு மட்டும் அது உறுத்துச்சு. வசதியானவங்க வாங்குறதைக் கூலித் தொழிலாளியும் வாங்கணும்னு நினைச்சவர், ஒரு குளியலுக்கான அளவைக் குட்டி பாக்கெட்டில் அடைச்சார். அவருக்குப் பிறகு மகன் சி.கே.ரங்கநாதன், குடும்பத் தொழிலை விட்டு 15,000 ரூபாயோட தனியா கிளம்பினார். 1983-ல் பிறந்தது 'சிக்' ஷாம்பு. அப்பா பேரோட சுருக்கம்தான்! அஞ்சு காலி பாக்கெட் கொடுத்தா ஒரு சிக் இலவசம்னு சொன்னதும் கிராமமே திரும்பிப் பார்த்துச்சு. அந்தக் கம்பெனிதான் இன்னிக்கு 'கெவின்கேர்'.

விலை மட்டுமா காரணம்? உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காது. கால்சியத்தோட சேர்ந்து பிசுக்கா தலையில ஒட்டிக்கும். ஷாம்புவில் இருக்கிற சல்ஃபேட் வகை சர்ஃபாக்டன்ட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. போர் தண்ணி ஊர்க்காரங்களுக்கு இது பெரிய விஷயம்.

சரி, லால்பேட்டை பெட்டிக்கடையில சரமா தொங்குற பாக்கெட், குளிச்சு முடிச்சதும் எங்கே போகுது? ஈரமும் வாசனையும் தாங்கணும்னு வேற வேற பிளாஸ்டிக் படலங்களை ஒட்டிச் செய்றாங்க. ஒட்டினதைப் பிரிக்கிறது பெரும்பாடு. பழைய பேப்பர்காரர்கூட சீண்ட மாட்டார்.

ஷாம்புவுல கரையக் கூடாது, மண்ணுல மக்கணும், விலையும் சில்லறைக்குள்ள அடங்கணும். அப்படியொரு படலத்துக்கு ஆராய்ச்சி இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு. ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையுற அண்ணாமலைப் பல்கலைக்கழக கெமிஸ்ட்ரி மக்களே, காதுல விழுதா?