தொட்டில் உண்டு, தூக்கும் கரம் எங்கே?

பெற்றவரை இழந்த பிள்ளைகளுக்குப் பெரியதொரு கட்டடம் எழுப்பி, பால் ஊற்றி, படுக்கை போட்டுவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவர்களை நாம் ருமேனியா நாட்டுக்கு அழைக்கிறோம். அங்கே இருக்கிறது பாடம்; பெரும் விலை கொடுத்து வாங்கிய பாடம்!

1966-இல் அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு, மக்கள் தொகையைப் பெருக்க ஓர் ஆணை பிறப்பித்தார். கருக்கலைப்பு தடுக்கப்பட்டது. கருத்தடைச் சாதனமும் கிட்டுவது அரிதாயிற்று. பிள்ளைகள் பிறந்தன; பெற்றவர் வீட்டிலோ வறுமை! அந்த வீட்டில் அடுப்பெரிய வழி செய்வதைவிட, விடுதிக் கதவைத் திறந்து வைப்பது ஆட்சிக்கு எளிதாயிருந்தது.

1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. விடுதிகளிலே லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கிடப்பதை உலகம் கண்டது. அவர்களிற் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தனர். அநாதைகளாய்ப் பிறந்தவரல்லர், அநாதைகளாய் ஆக்கப்பட்டவர்கள்!

தாதி ஒருத்தி, அவள் பொறுப்பில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். பால் புட்டி வந்தது. பார்த்துச் சிரிக்கும் முகம் வரவில்லை. அழுதாலும் எவரும் வாரார் என்றறிந்த குழந்தைகள் அழுவதையே விட்டன. அந்த அமைதியைக் கண்டு, 'அடங்கிய பிள்ளைகள்' என்று யார்தான் மகிழ முடியும்?

2000-இல் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற அமெரிக்க அறிஞர் மூவர் தலைநகர் புகாரெஸ்டில் ஆராயத் தொடங்கினர். விடுதிக் குழந்தைகள் 136 பேர். சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். வீடு சேர்ந்த குழந்தைகள் அறிவிலே வளர்ந்தனர். அன்பு கொள்ளவும் கற்றனர். இரண்டு வயதுக்குள் சேர்ந்தவர்க்கு நன்மை மிகுதி. காலம் கடந்து சேர்ந்தவர்க்கு இழந்தது முழுதும் திரும்பவில்லை.

2004-இல் ருமேனியா சட்டம் செய்தது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை விடுதியில் வைத்தல் ஆகாது! கடும் ஊனமுற்ற குழந்தைக்கு மட்டும் அச்சட்டம் விலக்கு வைத்தது. அணைப்பு மிக வேண்டிய குழந்தைக்கா விலக்கு என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஆலையில் உழைத்து அந்தியில் வீடு திரும்பும் தோழன் அறிவான்: வாசலுக்கு ஓடிவரும் பிள்ளை மிட்டாய்க்காக மட்டும் ஓடிவருவதில்லை.

ஆகவே நாம் சொல்கிறோம்: வறுமைக்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்காதீர், அந்தத் தாய்க்குத் துணை நில்லுங்கள். தாயே இல்லையெனில் உற்றாரைத் தேடுங்கள். உற்றாரும் இல்லையெனில், உறவாக முன்வரும் வீட்டைத் தேடுங்கள். எங்கும் கிட்டாதபோதுதான் விடுதி. அங்கும், 'என் பிள்ளை' என்று சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும்!