அளவீட்டை முந்திய கணக்கு

1974-இல் அமெரிக்க வானியலாளர் பாரி டர்னர், விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயு மேகங்களிலிருந்து 93.174 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு ரேடியோ சமிக்ஞையைப் பதிவு செய்தார். அதை அனுப்பும் மூலக்கூறு எதுவென்று தெரியவில்லை. ஒரேயொரு துப்புதான் இருந்தது: சமிக்ஞை ஒற்றைக் கோடாக இல்லாமல் மூன்றாகப் பிளந்திருந்தது. அதே ஆண்டில் ஷெல்டன் கிரீன், ஜான் மாண்ட்கோமரி, பாட்ரிக் தாடியஸ் மூவரும் கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் நேர்கோட்டில் நிற்கும் நேர்மின் அயனியாக அது இருக்கலாம் என்றார்கள். டயஸெனிலியம் எனப்படும் அந்த அயனியின் சுழற்சி நிறமாலையை அதுவரை எந்த ஆய்வகமும் அளந்ததில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு அதை அளந்து உறுதி செய்தது 1976-இல்தான். அளவிட்ட பின் சரிபார்க்க மட்டுமே கணக்கு உதவும் என்று நினைப்பவர்களுக்கு இந்த நிகழ்ச்சியே பதில்.

பிளவுக்குக் காரணம் நைட்ரஜன் அணுக்கருவின் வடிவம். நைட்ரஜன்-14 அணுக்கரு சரியான உருண்டை அல்ல. கோழிமுட்டையைப் போலச் சற்றே நீண்டது. இந்த நீட்சியின் அளவை நான்முனைத் திருப்புத்திறன் என்பார்கள். மூலக்கூறின் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இடத்தில் உண்டாக்கும் மின்புலம் திசைக்குத் திசை மாறினால், அணுக்கரு எப்பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்து ஆற்றலும் சிறிது மாறும். கோடு பிளப்பது அதனால்தான். அந்தப் பிளவின் அகலத்தை நிர்ணயிப்பது அணுக்கரு நான்முனை இணைப்பு மாறிலி. இது இரண்டு அளவுகளின் பெருக்கற்பலன்: ஒன்று அணுக்கருவின் திருப்புத்திறன், மற்றொன்று மேலே சொன்ன மின்புல மாற்றத்தின் அளவு, அதாவது மின்புலச் சரிவு. டயஸெனிலியத்தின் ஓர நைட்ரஜனுக்கு இதன் மதிப்பு சுமார் -5.7 மெகாஹெர்ட்ஸ், நடு நைட்ரஜனுக்குச் சுமார் -1.4 மட்டுமே. ஓர நைட்ரஜனின் ஒரு பக்கம் பிணைப்பும் மறுபக்கம் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணையும் இருக்கின்றன. நடுவிலுள்ளதற்கு இருபுறமும் பிணைப்பு. எலக்ட்ரான்கள் அதைச் சூழ்ந்து ஓரளவு சீராகப் பரவியிருப்பதால் சரிவு குறைகிறது. அணுக்கருவில் தோன்றும் ஓர் எண் இப்படி வேதிப்பிணைப்பின் கதையைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் மின்புலச் சரிவைச் சரியாகக் கணக்கிடுவது எளிதல்ல. ஓர் எலக்ட்ரானின் பங்கு, அது அணுக்கருவிலிருந்து இருக்கும் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். தூரம் பாதியானால் பங்கு எட்டு மடங்கு. குவாண்டம் வேதியியலின் வழக்கமான முறைகளோ மொத்த ஆற்றலைக் குறிவைத்தே அலைச்சார்பைச் செம்மைப்படுத்துகின்றன. ஆற்றல் சரியாக வந்துவிட்டது என்பதற்காக, அணுக்கருவை ஒட்டிய பகுதியில் எலக்ட்ரான் பரவலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஆற்றல் கணக்கில் தேறிய முறைகூட இந்தப் பரீட்சையில் தோற்கலாம்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். அளவீடு தருவது பெருக்கற்பலனை மட்டுமே. அதிலிருந்து திருப்புத்திறனைப் பிரித்தெடுக்க மின்புலச் சரிவின் கணக்கு தேவை; அந்தக் கணக்கைச் சோதிக்கத் திருப்புத்திறன் தேவை. சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும் வாதமல்லவா இது? டயஸெனிலியமே இதற்கும் விடை தருகிறது. அதன் இரு நைட்ரஜன்களும் ஒரே ஐசோடோப்பு என்பதால், ஓர நைட்ரஜனின் மாறிலியை நடு நைட்ரஜனின் மாறிலியால் வகுத்தால் திருப்புத்திறன் அடிபட்டுப் போகும். எஞ்சுவது இரு சரிவுகளின் விகிதம் மட்டுமே. அது நான்கைச் சற்றே தாண்டும். திருப்புத்திறனுக்கு எந்த மதிப்பை வைத்தாலும் இந்த விகிதம் மாறாது. 1975-இல் தாடியஸும் டர்னரும் நடு நைட்ரஜன் உண்டாக்கும் நுண்பிளவையும் விண்வெளியிலேயே கண்டபோது அயனியின் அடையாளம் மேலும் உறுதியானது.

இரண்டாவது ஆட்சேபம் கூர்மையானது. இன்று பலர், அளந்தறிந்த மூலக்கூறுகளோடு பொருந்தும்படி, மின்புலச் சரிவைப் பெருக்கும் எண்ணைச் சற்றே திருத்திக்கொள்கிறார்கள். நைட்ரஜனின் திருப்புத்திறன் 20.44 மில்லிபார்ன். அதன்படி, ஓர் அணு அலகுச் சரிவுக்கு 4.80 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். பெயர்பெற்ற ஒரு முறையோ சுமார் 4.56-ஐப் பயன்படுத்துகிறது. இது விடையைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதானே? எல்லா மூலக்கூறுகளுக்கும் ஒரே திருத்தம்தான் என்பதால் ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஒற்றை எண்ணை மாற்றி, பல்வேறு பிணைப்புகள் கொண்ட மூலக்கூறுகளின் மாறிலிகளை எல்லாம் ஒருசேரப் பொருத்துவது, முறையின் பிழை ஒரே சீராக இருந்தால்தான் சாத்தியம். ஆனால் அந்த 4.56, முறையின் குறையையும் உள்ளடக்கியது; அதை அணுக்கருவின் பண்பாக எடுத்துக்கொண்டால் தவறு.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு அயோடின்-127 சான்று. அதன் திருப்புத்திறன் நெடுங்காலம் -789 மில்லிபார்ன் என்றே புழங்கியது. சார்பியல் விளைவுகளைச் சேர்த்து மூலக்கூறுகளுக்குச் செய்த கணக்கின் பயனாக, 2003-இல் அது -696 ஆனது. பத்து விழுக்காட்டுக்கும் மேலான மாற்றம். இதற்காக அணுக்கருவின் மீது யாரும் புதிய துகள்களை மோதவில்லை. பழைய எண்ணுக்கு இணங்கும்படி கணக்கைத் திருத்தியிருந்தால் அந்தப் பிழை இன்னும் பட்டியல்களில் இருந்திருக்கும். புதிய மூலக்கூறை அடையாளம் காணத் திருத்திய எண் போதும். அணுக்கருவைப் பற்றிப் பேசத் திருத்தாத கணக்கே வேண்டும்.